நெற்றி எதுவென்று தெரியாத ஹார்ட் டிஸ்க்

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, நான் இப்போது கடையை விட்டு ஓய்ந்துவிட்டவன். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், கூட்டாளி ஒருத்தரோடு சேர்ந்து வெகுகாலம் சர்வீஸ் கடை நடத்தினேன். பத்தாவதுக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் ஆண்டாள் புண்ணியத்தில் லினக்ஸ் என்கிற சங்கதி கொஞ்சம் வசப்பட்டு, அதை வைத்தே என் வீட்டு அடுப்பு எரிந்தது.

போன வாரம் உங்களில் ஒரு பிள்ளை போன் போட்டுக் கேட்டது. "அண்ணாச்சி, லினக்ஸ்ல வெளி டிஸ்க்குக்குக் காப்பி பண்ணினா கட்டை வண்டி மாதிரி போகுது. என்ன கமாண்டு அடிக்கணும்?"

கமாண்டுக்குப் பஞ்சமா? தேடினால் வண்டி வண்டியாகக் கிடைக்கும். கமாண்டை அடிக்கிறதுக்கு முந்தி மனசு எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. அதற்காக ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க நேரமில்லை.

சுந்தரபாண்டியத்துப் பையன் ஒருத்தன், பேர் செல்வம், ராணுவத்தில் இருக்கிறான். லீவில் வந்திருந்தான். அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போய், அதிலிருந்த வீடியோக்களை எல்லாம் நான் பாடுபட்டு மீட்டு எங்கள் கடை மெசினில் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் அவன் மகள் சம்பந்தப்பட்டவை. பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, குலசாமி கோயிலில் மொட்டை எடுத்தது, காது குத்தினது. இதில் ஒன்றுக்குக்கூட அவன் ஊரில் இல்லை. சின்ன மச்சினன் ஒரு பெரிய கேமராவை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் எடுத்துத் தள்ளியிருந்தான். சைஸோ மலை மாதிரி.

"இங்க வச்சுப் பாத்தா எனக்குக் கிளம்ப மனசு வராது அண்ணாச்சி," என்று முதல் நாளே சொல்லியிருந்தான். "அங்க போய்த்தான் பாக்கணும். போற எடத்துல பனி விழுந்துட்டா போனே எடுக்காது. இந்தக் குளிரு காலம் முழுக்க எனக்கு இதுதான் துணை."

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்கு ரயில். பெண்டாட்டியும் மகளும் பெட்டி படுக்கை, கட்டுச்சோறோடு நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. இவனும் இவன் அம்மாவும் வாடகைக் காரில் எங்கள் கடைக்கு வந்து, வீடியோக்களைப் புது டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு அப்படியே ஸ்டேஷன் போக வேண்டும்.

காலையிலேயே வந்திருந்தால் சாவகாசமாக முடித்திருக்கலாம். வெள்ளிக்கிழமை ராகு காலம் முடியட்டும் என்று அவன் அம்மா இருத்திவிட்டார். நான் குறை சொல்ல மாட்டேன். நானும் ராகு காலத்தில் புது டப்பா பிரிக்க மாட்டேன். ஆக அவர்கள் படியேறி வரும்போது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது.

"தம்பி, நல்லா இருக்கீயளா?" என்று கேட்டுக்கொண்டே செல்வத்தின் அம்மா, எனக்கு அக்கா முறை, ஒரு மஞ்சள் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தார். சாமி பிரசாதத்தைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

டிஸ்க்கைச் சொருகிக் காப்பியைத் தட்டிவிட்டேன். முதலில் பறந்தது. செல்வம் சிரித்தான். "இம்புட்டுத்தானா அண்ணாச்சி? டீ குடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும் போலயே."

இந்த இடத்தைக் கவனியுங்கள் பிள்ளைகளா. லினக்ஸ் முதலில் எல்லாவற்றையும் தன் மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும். மெமரிதான் அந்த மடி. மடி நிறைகிற வரைக்கும் வேகம் பொய் வேகம். மடி நிறைந்த பிறகுதான் டிஸ்க்கின் நிஜ யோக்கியதை தெரியும். அதனால் முதல் நிமிசத்தைப் பார்த்துச் சந்தோசப்படாதீர்கள். அடுத்த நிமிசத்தைப் பார்த்து உடனே அழவும் செய்யாதீர்கள். செத்த நேரம் விட்டுப் பாருங்கள்.

விட்டுப் பார்த்தேன். வேகம் சரிந்து ஒரு இடத்தில் நின்றது. அதற்கு மேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முடிய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது திரை. ரயிலுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

செல்வத்தின் சிரிப்பு அடங்கிவிட்டது. என் கூட்டாளி எட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் தெலுங்கு. கடையில் தமிழ் பேசுவார், கோபமோ சிரிப்போ வந்தால் மட்டும் 'தேவுடா' என்பார்.

"தேவுடா. அப்பவே சொன்னேன், ஓம் லினக்ஸைக் கட்டி மூலையில போடுன்னு. ஒண்ணு, டிஸ்க்கை வேற மாதிரி ஃபார்மட் பண்ணு. இல்லன்னா விண்டோஸ் மெசினுக்கு மாத்து. அதுவும் இல்லன்னா நம்மகிட்ட புது டிஸ்க் இருக்கு, எடுத்துக் குடு."

"புதுசு வாங்கிருவோம் அண்ணாச்சி," என்றான் செல்வம்.

"ஏலே, அது ஆண்டாள் சன்னதியில வச்சு எடுத்த டிஸ்க்," என்றார் அக்கா. "வேற எதையும் கொண்டு போகப்படாது."

மூன்று பேரும் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். கையோ துறுதுறுக்கிறது, எதையாவது செய் என்று. இந்த மாதிரி நேரத்தில்தான் நம்ம தொழிலில் ஆள் கெட்டுப்போவது. ஃபார்மட்டும் பண்ணி, மெசினையும் மாற்றி, கேபிளையும் மாற்றினோம் என்றால், சரியானாலும் எதனால் சரியாச்சு என்று தெரியாது. சரியாகாவிட்டால் எந்த முனையில் தொடங்குவது என்றும் தெரியாது. அதற்குள் ரயில் போய்விடும்.

எனக்கு இருந்த முதல் கேள்வி வேறு. ஓடுகிற காப்பியை நிறுத்துவதா, வேண்டாமா? ஓடவிட்டால் பாதி வீடியோவாவது அவன் கையில் போகும். நிறுத்திவிட்டு நான் காரணத்தைத் தேடிக்கொண்டே இருந்தால், அந்தப் பாதியும் போய்விடும். சுவரில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் எப்போதும் போல இருந்தார்.

"தம்பி, நிறுத்தப்போறேன்," என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி? கிடைச்ச வரைக்கும் கிடைக்கட்டுமே."

"எந்தப் பாதி வேணும்னு சொல்லுங்க. மொட்டையா, காதுகுத்தா?"

அவன் மேசையை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். நிறுத்தினேன்.

வேகம் ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல நின்றதுதான் எனக்கு உறுத்தியது. கெட்டுப்போன டிஸ்க் என்றால் ஏறும், இறங்கும், திக்கும். இது திக்கவில்லை. யாரோ அளந்து விட்ட மாதிரி ஓடியது. அந்த அளவு எனக்குப் பழக்கமான அளவு. பழைய காலத்து யுஎஸ்பியின் அளவு.

யுஎஸ்பி சாமான்களைக் கிளை கிளையாகக் காட்டுகிற கமாண்டு உங்களுக்கே தெரியும். அதை அடித்தேன். டிஸ்க்குக்கு எதிரே வேகம் 5000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 480 என்று இருந்தது. சொருகியதோ வேகப் பாதைக்கென்றே இருக்கிற நீல நிறச் சொருகியில். டிஸ்க்கும் புதுசு. அப்புறம் ஏன் பழைய பாதையில் போகிறது?

ஒவ்வொன்றாக மாற்றினேன். நம்பிக்கையான கேபிளைப் போட்டேன். 480. அதே கேபிளில், அதே சொருகியில், எங்கள் கடை டிஸ்க்கை மாட்டினேன். 5000. அப்படியானால் லினக்ஸ் மேல் பழி இல்லை, கேபிள் மேல் இல்லை, மெசின் மேலும் இல்லை. சங்கதி அந்தப் புது டிஸ்க்கில்தான்.

டிஸ்க்கில் கேபிள் சொருகும் வாயைப் பார்த்திருப்பீர்கள். அகலமாக இருக்கும். ஒரு பெரிய அறை, பக்கத்தில் ஒரு குட்டி அறை. பெரிய அறை பழைய காலத்துப் பாதை. வேகப் பாதை குட்டி அறை வழியாகத்தான். அங்கே தொடர்பு படவில்லை என்றால் டிஸ்க் கோபித்துக்கொள்ளாது, எரரும் காட்டாது. பேசாமல் பழைய பாதையிலேயே நடந்துகொண்டிருக்கும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். குட்டி அறை மஞ்சளாக இருந்தது. நடுவில் சிவப்பு. முகர்ந்தேன். கமகமவென்று சந்தனம்.

கூட்டாளியும் குனிந்து பார்த்தார். 'தேவுடா' என்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அக்கா," என்றேன், "டிஸ்க்குக்குப் பூசை போட்டீயளா?"

"போடாம? சன்னதியில வச்சு எடுத்துட்டு, வீட்டுல வந்து சந்தனம் கொழைச்சுக் குங்குமம் வச்சேன். ஏன் தம்பி?"

"பொட்டு எங்க வச்சீய?"

"நெத்தியிலதான்."

"நெத்தி எது?"

அக்கா டிஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் இதுல மூஞ்சி எதுன்னு தெரியாம முழிச்சேன் தம்பி. பொறவு ரோசனை பண்ணினேன். மாட்டுக்குக் கயறு கட்டுற பக்கந்தான மூஞ்சி? இதுக்குக் கயறு மாட்டுற பக்கம் இதுதான. அதான் இங்க வச்சேன்."

எனக்கு அந்தக் கணக்கில் ஒரு தப்பும் தெரியவில்லை. சரஸ்வதி பூசைக்கு நாமும்தான் மானிட்டர், பிரிண்டர், மின்விசிறி வரைக்கும் பொட்டு வைக்கிறோம். நெற்றி எது என்று யாரிடம் கேட்டு வைக்கிறோம்?

"எம்மா, டிஸ்க்குக்கு எதுக்கும்மா பொட்டு?" என்று செல்வம் மேசைத் துணியை எடுத்து டிஸ்க்கைத் துடைக்கப் போனான்.

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஏலே, நீ போற அன்னைக்குப் பொட்டை அழிக்காதலே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வார்த்தைக்கு முன்னால் ரயிலும் தெரியவில்லை, வீடியோவும் தெரியவில்லை. கீழே கார் டிரைவர் ஹாரன் அடித்தார். 

உள்ளேயிருந்து கூட்டாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். டிஸ்க்கை உள்ளே கொண்டு வா, அந்த அம்மாவுக்குத் தெரியாமல் சுத்தம் பண்ணிவிடலாம் என்று அர்த்தம். செய்திருக்கலாம். ஒரு நிமிச வேலை. ஆனால் மகனைப் பனிக்கு அனுப்புகிற ஒரு தாய் நம்பிக்கையாக வைத்த பொட்டை, அவள் முதுகுக்குப் பின்னால் எடுக்க எனக்குக் கை வராது. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் பண்ணவும் வராது. எனக்கும் அந்த நம்பிக்கைதானே சோறு போடுகிறது. டிஸ்க்கில் இருந்த அடைப்பை விட இந்த அடைப்பு பெரிசு. இதற்குக் கமாண்டு கிடையாது.

"அக்கா, வேர்வையில உங்க பொட்டு கலைஞ்சா என்ன செய்வீய?"

"தொடச்சுட்டுப் புதுசு வைப்பேன்."

"நாம இதுக்கு மொதல்ல புதுசு வைப்போம். பொறவு பழசை எடுப்போம். பொட்டில்லாத நேரமே இதுக்கு வராது. உங்க கையால நீங்களே வைங்க."

அக்கா யோசித்தார். "எங்க வைக்க?"

"மேல் மூடியில, நடுவுல. அதுதான் இதுக்கு நெத்தி. எனக்குத் தெரியும்."

"நிசமாவா தம்பி?"

"இம்புட்டு வருசமா இதுகளோடதான அக்கா குடும்பம் நடத்துதேன்."

பிள்ளையார் படத்துக்கு அடியில் இருந்த குங்குமத்தை எடுத்து, மூடியின் நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்தார். கண்ணை மூடி உதடு அசைய ஏதோ வேண்டிக்கொண்டார். அப்புறம் அவரே டிஸ்க்கை ஆடாமல் பிடித்துக்கொண்டார். நான் மெல்லிய பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டுக் குட்டி அறையைச் சுத்தம் பண்ணினேன். மரக் குச்சியால் ஓரத்தில் இருந்ததை நெம்பினேன். ஊசியோ குண்டூசியோ விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கிற தகடுகள் முடி மாதிரி. புளோயரால் ஊதி, ஈரம் போக விட்டேன். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதுதான் கஷ்டம். ஈரத்தோடு சொருகினால் மொத்தமும் போய்விடும். செல்வம் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

அந்த நேரத்தில் கூட்டாளி வெளியே வந்தார். "அக்கா, எங்க பைக்குக்கும் நெத்தி எதுன்னு சொல்லிட்டுப் போங்க."

"மொதல்ல உங்க நெத்தியில திருநீத்தைக் காணோம். அதைப் பாருங்க. பைக்கைப் பொறவு பாக்கலாம்," என்றார் அக்கா. செல்வம் அப்போதுதான் மறுபடி சிரித்தான்.

காய்ந்ததும் சொருகினேன். கமாண்டை அடித்தேன். 5000. வாய்விட்டு "ஆண்டாளே" என்றேன். காப்பியைத் தட்டினேன். முன்னால் சொன்ன மாதிரி பொய் வேகம் அடங்கட்டும் என்று பொறுத்தேன். அடங்கி நின்ற வேகம் முன்னைப் போல மூன்று மடங்கு. ரயிலுக்கு முன்னால் முடிந்துவிடும், மயிரிழைதான்.

அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அக்கா மஞ்சள் பையிலிருந்து பால்கோவா எடுத்துப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். மகனுக்குக் கொஞ்சம் பெரிய துண்டு. கூட்டாளி அதைப் பார்த்துவிட்டு, "நாங்கல்லாம் எல்லைக்குப் போகலைன்னுதான இந்தச் சின்னத் துண்டு," என்றார்.

கடைசியில் திரையில் கோடு முழுசாக நிறைந்தது. செல்வம் பாய்ந்து எழுந்து கேபிளில் கை வைத்தான். நான் அவன் கை மேல் கை வைத்தேன்.

"முடிஞ்சிருச்சே அண்ணாச்சி."

"திரையில முடிஞ்சிருச்சு. டிஸ்க்குல முடியலை."

மடி என்று சொன்னேனே. கடைசிப் பங்கு இன்னும் மடியில்தான் இருக்கும். 'எஜெக்ட்' கொடுத்து முறைப்படி விடுவிக்கச் சொன்னால், மிச்சத்தை எல்லாம் கொட்டி முடித்துவிட்டுத்தான் லினக்ஸ் விடும். அதுவரை டிஸ்க்கின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால், பேர் மட்டும் இருக்கும், உள்ளே படம் இருக்காது. அதுவும் பனிக்கு நடுவில் போய்த்தான் தெரியும். அங்கே யாரிடம் போய்க் கேட்பான்?

கீழே ஹாரன் விடாமல் அடித்தது. "அண்ணாச்சி, ரயிலு," என்றான்.

"ஏலே, அவிய சொல்லுதாவள்ல. கையை எடு," என்றார் அக்கா.

எடுத்தான். விளக்கு மினுக்கியது, மினுக்கியது, நின்றது. இனிக் கழற்றலாம் என்றது திரை. கழற்றினேன். கழற்றிவிட்டு மறுபடியும் சொருகினேன்.

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். "இப்ப எதுக்கு?"

"ஒண்ணை மட்டும் தொறந்து பாக்கணும். பாக்காம எங்க கடையில இருந்து எதுவும் போனதில்ல."

"நான் பாக்க மாட்டேன். அங்க போய்த்தான்," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆறடி ஆள், பிள்ளையார் படத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றான்.

கடைசியாகக் காப்பியான படத்தைத் திறந்தேன். காதுகுத்து. தாய்மாமனான பெரிய மச்சினன் மடியில் பிள்ளை. ஆசாரி ஊசியைக் கொண்டு வருகிறார். குலவைச் சத்தம். அப்புறம் 'ஓ' என்று ஒரு அழுகை. அழுதது பிள்ளை இல்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமன். சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் சிரிக்கிறது. பிள்ளை அண்ணாந்து பார்த்து, தெளிவாகக் கேட்கிறது: "மாமா, ஒனக்குமா குத்துனாவ?"

செல்வம் திரும்பிவிட்டான்.

"என்ன சொன்னா? அண்ணாச்சி, அதை இன்னொருக்கப் போடுங்க."

போட்டேன். பக்கத்தில் வந்து நின்றான். இன்னொருக்க என்றான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தே விட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. அம்புட்டு நேரம் ரயில், ரயில் என்று பறந்தவனை இப்போது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கிளப்ப வேண்டியிருந்தது. டிஸ்க்கை நான் விடுவித்துக் கையில் கொடுக்க, கூட்டாளி கேபிளைச் சுருட்ட, அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார். "அங்க போய்ப் பாருலே. இப்ப எந்திரி. ரயிலு ஓங்கப்பன் வீட்டு வண்டியா?"

கார் புறப்பட்டுப் போனதும் கடையில் உட்கார முடியவில்லை எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பஸ்ஸெல்லாம் நெரிசலாக நிற்கிற நேரம் அது. வழியில் ஒரு ரயில்வே கேட் மூடினால் போச்சு. கூட்டாளி டீ வாங்கி வந்து வைத்தார். அதுவும் ஆறிவிட்டது.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் போன் வந்தது. செல்வம்தான். பின்னால் ரயில் சத்தம்.

"ஏறியாச்சா தம்பி?"

"ஏறியாச்சு அண்ணாச்சி. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுறதுக்கும் நேரம் இருந்துச்சு. இப்பத்தான் சிவகாசி தாண்டுனோம்." பேசப் பேசவே அவன் பக்கத்தில் 'ஓ' என்று அந்தத் தாய்மாமன் அழுகிற சத்தம். தொடர்ந்து ஒரு பெட்டியே சிரிக்கிற சத்தம்.

"அங்க போய்த்தான் பாப்பேன்னு சொன்னீய?"

"எதிர் சீட்டுல ஒரு காலேஜ் பொண்ணு லேப்டாப் வச்சிருந்துச்சு அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணுன்னு போட்டேன். இப்பப் பக்கத்துப் பெட்டிக்காரவியளும் வந்து நிக்காவ."

"சரி தம்பி. கழட்டும்போது மட்டும் அவசரப்படாதீய. அந்தப் பொண்ணை முறையா விடுவிக்கச் சொல்லிட்டு, விளக்கு நின்ன பொறவு கழட்டுங்க."

"கழட்டுறதா?" என்றான். "மொட்டையே இன்னும் போடலையே அண்ணாச்சி."